பக்கம் அறுநூற்றுப் பதினொன்று

பலெர்மோ தமிழ்ப் பேரகராதி ஒரு பொய்யில் பிறந்தது. நல்ல நோக்கத்தோடு சொன்ன சின்னப் பொய்தான்.

1994ஆம் ஆண்டு, வெளிநாட்டார் காகிதங்களைப் பார்க்கிற ஓர் அலுவலகத்துக்கு எங்கள் சங்கத் தலைவர் இராஜதுரை அண்ணை போயிருந்தார். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கத் தருகிற அனுமதி, வருகிற ஆவணியோடு முடிகிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் தொத்தோரே என்றார்கள். பலெர்மோவில் மேசைக்குப் பின்னால் கதிரை கிடைத்தவர் எல்லோரும் தொத்தோரேதான். அவர் ஒரு தமிழ்க் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, இதை மொழிபெயர்த்தவர் எந்த அகராதியைப் பார்த்தார் என்று கேட்டார். யாரும் எதையும் பார்க்கவில்லை. அண்ணையின் மருமகன் பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்து எழுதியது அது. ஆனால் அண்ணை ஊரில் தபால் கந்தோரில் பத்தொன்பது வருடம் இருந்தவர். இங்கே வழக்காடுகிற ஓர் அப்புக்காத்து வீட்டில் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கினாலும், 'இல்லை' என்ற சொல்லை மேசைக்குப் பின்னால் இருந்து சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்; முன்னால் நின்று சொல்ல வராது.

"எங்களுடைய சொந்த அகராதி" என்றார். தொத்தோரே அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. தமிழில் மட்டும் உள்ள காகிதங்களை மொழிபெயர்த்தால், உறவையும் நிலைமையையும் குறிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, சங்கத்தின் அகராதியில் அது உள்ள பக்கத்தின் எண்ணைப் போடவேண்டும் என்றது. தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஓர் அரசாங்கமே எங்கள் அகராதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அகராதி என்று ஒன்று இல்லை என்பது மட்டும்தான் குறை. அந்தக் குறையைத் தீர்க்கக் குழு அமைத்தோம்.

குழு கூடுவது வுச்சீரியாச் சந்தையில், உப்பு மீன் விற்கிறவனின் கடைக்கு மேலே உள்ள அறையில். வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. ஞாயிறு கலியாணவீடுகளுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் போய்விடும். ஆகவே வியாழனைத் தமிழுக்குக் கொடுத்தோம். சொல் அட்டைகளை வைக்கச் சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பிடுங்கப் போகிறவர்கள் மண்டரின் பெட்டிகளைக் கொண்டுவந்து தந்தார்கள். எழுத்துக்கு ஒன்றாக எல்லாப் பெட்டிகளும் முதல் கிழமையிலேயே வந்துவிட்டன. மூன்று வருடம் கழித்து, முதற் பெட்டியின் அடிப்பலகை ஓரளவு மறைந்திருந்தது.

நான் அட்டைப் பொறுப்பாளர். தகுதி கையெழுத்து. ஊரில் கலியாணக் கடிதங்களுக்கு விலாசம் எழுதிப் பேரெடுத்தவன். மற்ற நாட்களில் ஒரு விதவைச் சிஞ்ஞோராவின் இரண்டு நாய்களைக் குளிப்பாட்டுகிறேன். இராஜநாயகம் என்ற என் பெயர் அவவின் வாயில் ராஜா என்று சுருங்கி, நாயைக் கழுவுகிற ராஜாவாக ஒரு கௌரவத்தோடு இருக்கிறேன்.

எங்கள் முறை இதுதான். ஒரு சொல்லை ஓர் உறுப்பினர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்தச் சொல்லை ஒருவர் உண்மையான தேவைக்குப் பயன்படுத்துவதை மூன்று உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் தங்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். இதற்குக் 'கேட்ட சான்று' என்று பெயர். பிறகு ஆட்சேபத்துக்கு ஒரு மாதம். பிறகு வாக்கெடுப்பு. வாக்குச் சமமாக வந்தால் செர்ஜ் முடிவு செய்வார். செர்ஜ் மொரீசியஸ்காரர். அவருடைய பூட்டன் தமிழர். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் எந்தச் சொல்லிலும் அவருக்குப் பக்கச்சார்பு இல்லை என்று சொல்லி ஏகமனதாகத் தெரிவு செய்தோம்.

'அகப்பை'க்கு ஐந்து வியாழன் போனது. இத்தாலியரின் கரண்டியில் சிரட்டை இல்லையே, அதை அகப்பை என்று எப்படிச் சொல்வது என்று செயலாளர் சுவாம்பிள்ளை எழுந்து நின்றார். இரண்டு கரண்டிகளைக் கொண்டுவந்து பருப்புக் கறியை அள்ளிப் பார்த்தோம். கறி நன்றாக இருந்ததால் மறு பரிசோதனைக்கு இரண்டு வியாழன் ஒதுக்கப்பட்டது. 'அடுக்கு' வந்தபோது, அது சாப்பாட்டுக் கரியரின் அடுக்கா, லசாஞ்ஞாவின் அடுக்கா என்று குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியினர் இன்னொரு பகுதியினரின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பேசினார். அந்தப் பேச்சைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அவசரப்பட்டு எழுதின அகராதியாலை ஒரு இனம் தலைகுனிஞ்சு போகும். நாங்கள் அவசரப்படேல்லை. மூண்டு வரியத்திலை இருநூத்திப் பன்ரண்டு சொல்லு, பதினாலு பக்கம். ஒரு பிழை இல்லை. வெளியிலை நிண்டு சிரிக்கிறவை ஒரு பிழையைக் காட்டட்டும் பாப்பம். இன்னும் எழுதாத பக்கங்களிலையும் ஒரு பிழை இல்லை."

கைதட்டினோம். நானும்தான்.

1997 மாசி மாதத்தில், அதாவது பெப்ரவரியில், 'அடுக்கு' நடந்துகொண்டிருந்த ஒரு வியாழன், சந்திரமதி அக்கா குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தா. எழும்பி நடக்க முடியாத ஒரு சிஞ்ஞோராவை இரவும் பகலும் பார்க்கிற வேலை. கணவர் தொண்ணூறில் காணாமற்போனவர். பதினொரு வயதில் விட்டுவிட்டு வந்த ஒரே மகள் துசானி, சித்தியோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறாள். மகளை இங்கே கூப்பிடுவதற்கான காகிதம் எல்லாம் சரி. ஒன்றுதான் இடிக்கிறது. இடம்பெயர்ந்தபோது பிறப்புப் பத்திரம் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிராம சேவகர் கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. இவ சந்திரமதி, அவள் துசானி, அவள் இவவின் மகள். பெயரையும் திகதியையும் தொத்தோரே கடவுச்சீட்டில் பார்த்துக்கொண்டார். மிச்சம் ஒரு சொல். மகள்.

ஆங்கிலத்தில் இன்னொரு கடிதம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கிராம சேவகர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவருடைய மனைவிக்கே தெரியாது.

தொத்தோரே கெட்ட மனிதர் இல்லை. மகள் என்றால் என்ன என்று தனக்கு விளங்குகிறது, தனக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அக்காவிடம் படத்தைக்கூடக் காட்டியிருக்கிறார். பிறகு, எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்.

சுவாம்பிள்ளை தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். முழு அகராதியும் எழுநூற்றெண்பது பக்கம் என்பது எங்கள் திட்டம். அதன்படி 'மகள்' வரவேண்டிய பக்கம் அறுநூற்றுப் பதினொன்று. மூன்று வருடத்துக்குப் பதினாலு பக்கம் என்றால், 2125ஆம் ஆண்டு தொடக்கத்தில் அக்கா வந்து பெற்றுக்கொள்ளலாம். அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவருக்குக் கணக்கு சரியாக வந்ததில் ஒரு திருப்தி.

"அண்ணை, பங்குனி இருபத்தொண்டோடை அவளுக்குப் பதினெட்டு முடியுது" என்றா அக்கா தலைவரைப் பார்த்து. "அதுக்குப் பிறகு பிள்ளையெண்டு கூப்பிடேலாதாம்."

"அகராதியிலை வயது பாக்கிறேல்லைத் தங்கச்சி. எத்தினை வயதெண்டாலும் மகள் மகள்தான்."

"அப்ப அதை எழுதித் தாங்கோவன்."

"எழுதுவம். அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். வரிசையிலை வரட்டும்."

 கீழே மீன்காரன் விலை கூறிக் கத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு விதி பத்தொன்பது ஞாபகம் வந்தது. அவசரத் தேவைக்கு ஒரு சொல்லை 'வரிசை தாண்டல் மனு' மூலம் முன்கூட்டியே ஏற்றலாம். அந்த விதியை எழுதியதும் நான்தான். ஒருவரும் பயன்படுத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதினேன். அதை எடுத்துச் சொன்னேன். தலைவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்த ஒரு கிழமை முழுதும் நாய்களுக்குச் சீயக்காய் போடாத குறையாகச் சந்தோசமாக இருந்தேன்.

மனு ஏற்கப்பட்டது. கேட்ட சான்று வேண்டும். பெற்றோர் பிள்ளையை 'மகள்' என்றே கூப்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். சான்றுக்குப் பஞ்சம் வராது என்று நினைத்தோம். பிரான்காச்சோவில் மாடிவீட்டில் இருக்கிற றோசமலருக்கு ஆறு வயதில் சாம்பவி என்று ஒரு மகள். சுவாம்பிள்ளை, செர்ஜ், நான் மூன்று பேரும் பஸ் ஏறிப் போய், குசினி மேசையைச் சுற்றி இருந்து, கூப்பிடட்டும் என்று காத்திருந்தோம்.

மூன்று ஆம்பிளைகள் பேனையோடு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கு இயல்பாக வரும்? றோசமலர் முதலில் 'சாம்பவி' என்றா. பிறகு 'பிள்ளை' என்றா. பிறகு வெட்கப்பட்டுத் தேத்தண்ணி போட்டா. இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருவழியாக 'மகள், இஞ்சை வாங்கோ' என்று சொன்னபோது, உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த சாம்பவி திரும்பவே இல்லை. 'அமோரே' என்று, இத்தாலியர் செல்லமாகச் சொல்கிற சொல்லால், தாய் ஒரு தரம் மெல்லக் கூப்பிட, ஓடி வந்து மடியில் ஏறினாள்.

சான்று செல்லாது என்று சுவாம்பிள்ளை எழுதினார். கூப்பிடப்பட்டவர் வராதபடியால், சொல் தன் வேலையைச் செய்ததாகக் கொள்ள முடியாது. அமோரே என்ற சொல்லுக்கு நல்ல சான்று கிடைத்தது, ஆனால் அது எங்கள் அகராதியில் இல்லை. மற்ற வீடுகளுக்கும் போவோம் என்றேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. அகராதிக்காரர் வருகினம் என்று கேட்டதும் பெண்பிள்ளை உள்ள வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

மாசி முடியப்போனது. அப்போது அக்காவே ஒரு வழி சொன்னா. வியாழன்தோறும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மகளுக்குத் தொலைபேசி எடுக்கிறவ. வந்து கேளுங்கோ என்றா.

ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு ரிசீவர். விதிப்படி மூன்று காது. அக்காவை நடுவில் விட்டு நாங்கள் மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு நின்றோம். சுவாம்பிள்ளையின் தலையில் பூசியிருந்த எண்ணெய் என் கன்னத்தில். செர்ஜின் தாடி என் காதில். மறுமுனையில் மணி அடித்தது, ஓர் ஆள் எடுத்தான், யாரையோ கூப்பிட்டான், செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"மகள், சாப்பிட்டியே?"

"ஓம் அம்மா. ஆரம்மா உங்கை மூச்சு விடுறது?"

"அகராதி ஆக்கள்."

"எனக்குப் பயமாக் கிடக்கு. எல்லாம் சரிவந்திடுமே?"

"சரிவரும், மகள். சரிவரும்."

பிறகு இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மௌனத்துக்கும் மீட்டர் ஓடியது. நான் கூண்டுக் கதவில் யாரோ சுரண்டி எழுதிய பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வியாழன் விசாரணை. 'மகள்' மூன்று தரம் சொல்லப்பட்டது என்று நான் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் இரண்டு தரம். சுவாம்பிள்ளை அதைத் திருத்தினார். பிறகு எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"சொன்னவ ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். சொன்னதும் கேட்டது. ஆனால் மற்றப் பக்கத்திலை நிண்டது மகள்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? கிராம சேவகரின்ரை கடிதம் இருக்கு எண்டுவியள். அந்தக் கடிதத்திலை இருக்கிற சொல்லைத்தான் நாங்கள் இன்னும் ஏத்தேல்லையே. அவள் மகளெண்டு நிறுவினாத்தான் சொல்லை ஏத்தலாம். சொல்லை ஏத்தினாத்தான் மகளெண்டு நிறுவலாம்."

இதைச் சொல்லிவிட்டு, தான் எதையோ கண்டுபிடித்துவிட்டவர்போல எல்லோரையும் பார்த்தார். நல்ல தர்க்கம் என்று தலைவர் பாராட்டினார். பிள்ளை நேரிலே வந்து சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று வழியும் காட்டினார்.

செர்ஜ் கை உயர்த்தினார். மூன்று வருடத்தில் அவர் முதல்முறை பேசியது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளை தாயோடுதான் கதைத்தது, அதைக் கேட்கத் தனக்கு மொழி தேவைப்படவில்லை என்று இத்தாலியனில் சொன்னார். 'மொழியறியாதவர் சாட்சியம்' என்று குறிக்கப்பட்டு, மனு மேன்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. மேன்முறையீட்டுக் குழுவும் அதே ஆட்கள்தான், வைகாசியில் கூடும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கூட்டக் குறிப்பு எழுதினேன். அழகாக எழுதினேன்.

பங்குனி பத்தாம் திகதி வரை அந்த அழகோடு இருந்து பார்த்தேன். பிறகு ஒரு காலை, சிஞ்ஞோராவின் நாய்கள் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், கடிதத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து, 'மகள்' என்ற சொல்லுக்கு நேரே 'பக்கம் 611' என்று எழுதி, சங்க முத்திரையைக் குத்திக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அது பொய் என்று எனக்குப் படவில்லை. நூற்றிருபத்தெட்டு வருடம் முந்திச் சொன்ன உண்மை.

தொத்தோரே எண்ணைப் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துக்கு அனுப்பினார். புத்தகத்தைக் கேட்கவில்லை. அன்றைக்கு அக்கா எனக்கு ஒரு பை மண்டரின் வாங்கித் தந்தா. அந்தப் பருவத்துக் கடைசிப் பழங்கள், தேன்போல இனித்தன. ஒன்றை உரித்து நாய்களுக்கும் கொடுத்தேன்.

தொத்தோரே கெட்ட மனிதர் இல்லை என்று சொன்னேனே, அதுதான் வினையாய்ப் போனது. அகராதி அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தை எட்டியதைக் கண்டு மனம் மகிழ்ந்து, தலைவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதிவிட்டார்.

தலைவர் அதைக் குழுவுக்கு வாசித்தார். வாசிக்கும்போதே அவர் முகம் மாறியது. யார் எழுதியது என்று கேட்டார். என் கையெழுத்து ஊருக்கே தெரிந்தது, எழும்பி நின்றேன். பங்குனி இருபத்தொன்று போகும் வரைக்கும் பேசாமல் இருங்கோ அண்ணை, பிறகு என்ன தண்டனை என்றாலும் தாங்கோ என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. கெஞ்சினேன்.

"நாயகம், நீ நல்லவன். எனக்கு விளங்குது" என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. "ஆனால் அகராதி பொய் சொல்லக்கூடாது. இண்டைக்கு ஒரு பக்கத்திலை பொய் சொன்னால், நாளைக்கு எங்கடை பதினாலு பக்கத்தையும் ஆர் நம்புவினம்?"

அந்த அகராதி எந்தப் பொய்யில் பிறந்தது என்று நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். கண்ணாடிச் சட்டம் அவருடைய தலைக்கு மேலேதான் தொங்கியது. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் அன்றே கடிதம் எழுதினார். வாழ்த்துக்கு நன்றி, ஆனால் நாங்கள் பதினாலாம் பக்கத்தில்தான் நிற்கிறோம், நேர்மையே எங்கள் அணிகலன் என்று. கோப்பு கையெழுத்து மேசையிலிருந்து திரும்பி வந்தது. தெளிவு கிடைக்கும் வரை நிறுத்தி வைக்கவும் என்று அதன் மேல் எழுதியிருந்தார்கள். அது பங்குனி பத்தொன்பது. இருபது, புனித சூசையப்பர் திருநாளுக்கு அடுத்த நாளென்று பாதி ஆட்கள் வேலைக்கு வரவில்லை. இருபத்தொன்று, துசானிக்குப் பதினெட்டு முடிந்தது.

எனக்கு மூன்று வியாழன் இடைநிறுத்தம். நாலாவது வியாழன் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறொருவருக்கும் கையெழுத்துச் சரியில்லை.

அன்றைக்கு 'அடுத்த' என்ற சொல். முன்மொழிந்து வழிமொழிந்தாயிற்று, கேட்ட சான்றுதான் இல்லை. யாராவது இயல்பாகச் சொல்லட்டும் என்று எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்திரமதி அக்கா படியேறி வந்தா. கிராம சேவகரின் மூலக் கடிதத்தைத் திருப்பி வாங்கிப் போக வந்தவ. என்னைக் கண்டு தலையாட்டினா. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தலைவர் எழும்பிக் கதிரை கொடுத்தார். தேத்தண்ணி வந்தது. கடிதத்தை இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, பிள்ளை இப்ப என்ன சொல்லுறா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அக்கா கடிதத்தைப் பையில் வைத்து, சிப்பை இழுத்து மூடினா.

"என்ரை மகள்தான் எனக்கு ஆறுதல் சொல்லுறாள். அழாதையுங்கோ அம்மா, அடுத்த வரியம் வேறை வழியாலை பாப்பம் எண்டு."

 சுவாம்பிள்ளை மெதுவாகப் பேனையைத் திறந்தார். 'அடுத்த', மிக இயல்பான வழக்கு என்றார். இடம், காலம், தேவை எல்லாம் பொருந்தியிருக்கிறது, மூன்று பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு சான்று 'அகதி'க்குப் பிறகு கிடைக்கவில்லை என்றார். ஆட்சேப மாதத்தைத் தள்ளுபடி செய்து, நாலு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேற்றினார்கள். அகராதியின் வரலாற்றிலேயே வேகமாக ஏறிய சொல் அதுதான். தலைவர் அக்காவுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி சொன்னார். அக்காவுக்கு எதற்கென்று விளங்கவில்லை. தேத்தண்ணியைப் பாதி குடித்தபடி வைத்துவிட்டு, சிஞ்ஞோராவுக்கு மருந்து நேரம் என்று இறங்கிப் போனா.

நான் அட்டையை எடுத்து, அக்கா சொன்னதைச் சொன்னபடி எழுதத் தொடங்கினேன். சுவாம்பிள்ளை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இரண்டாவது சொல்லில் விரலை வைத்தார். மேன்முறையீட்டில் இருக்கிற ஒரு சொல் சான்றுக்குள் வரக்கூடாது, விதி இருபத்துநாலு. அதுவும் என்னுடைய கையெழுத்துத்தான்.

புது அட்டை எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். 'என்ரை ———தான் எனக்கு ஆறுதல் சொல்லுறாள்.' கோடு நேராக வந்தது என்று தலைவர் பாராட்டினார்.

பக்கம் பதினைந்து, மூன்றாவது பதிவு. தொத்தோரே எப்போது கேட்டாலும் காட்டலாம்.